பழைய காலத்து ஹாஃப் ஏப்ரன்: சேர்க்கிறவங்களும் தைக்கிறவங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹாஃப் ஏப்ரன்னா எதைச் சொல்றீங்க?

நெஞ்சுப் பகுதி இல்லாம இடுப்புல மட்டும் கட்டிக்கிற ஏப்ரன். மேல ஒரு பட்டி, கீழ சுருக்கு வச்ச பாவாடை மாதிரி ஒரு துண்டு, பின்னாடி முடிச்சு போட ரெண்டு நாடா, அவ்வளவுதான். நான் சேர்க்கிறதும் இங்க பேசப் போறதும் அமெரிக்க வீடுகள்ல 1930கள்ல இருந்து 1960கள் வரைக்கும் பெண்கள் தங்களுக்காகத் தைச்சுக்கிட்டது. அப்ப சமையல், துணி துவைக்கிற மாதிரி அழுக்கு வேலைக்கெல்லாம் கழுத்து வரைக்கும் மூடுற முழு ஏப்ரன் தனியா இருந்துச்சு, விருந்தாளி வர்ற நேரத்துல அதைக் கழட்டிப் போட்டுட்டு சுத்தமா இஸ்திரி போட்ட ஹாஃப் ஏப்ரனைக் கட்டிக்கிட்டு காபி கொண்டு போய் வைப்பாங்க. அதனாலதான் இதுல அழகுக்கு அவ்வளவு இடம்.

ஒரு கஜம் துணி, இதைப் போய் எதுக்கு சேர்க்கணும்?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்து கவுனை எடுத்துக்கிட்டா அதுல பாதி ஃபேஷன் கம்பெனியோட முடிவு, எந்த நீளம், எந்தக் கை, எந்தக் காலர்னு பேட்டர்ன் (துணி வெட்டுறதுக்கான அளவுத் தாள்) கவர்ல படம் போட்டு வந்துடும். ஹாஃப் ஏப்ரன்ல அப்படி இல்ல, நேர்நேரா வெட்டுற அஞ்சு துண்டு, பேட்டர்னே வேணாம், அதனால பாக்கெட் எங்க வைக்கணும், மிச்சம் இருக்கிற லேஸ் எதுக்குப் பத்தும், கீழ மடிப்பு எவ்வளவு அகலம்னு எல்லாமே தைக்கிற அம்மாவோட சொந்த முடிவு. ஒரு ஏப்ரனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தா அவங்க எவ்வளவு சிக்கனம், எவ்வளவு பொறுமை, எங்க அவசரப்பட்டாங்கன்னு எல்லாம் தெரியும். பேரு தெரியாத இத்தனை பேரோட கைவேலை இவ்வளவு நேரடியா கைக்குக் கிடைக்கிற பொருள் வேற எனக்குத் தெரியாது. பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுறதுக்காக சேர்க்காதீங்க, படிச்சுப் பார்த்து அதே மாதிரி நாமளும் தைக்கிறதுக்காக சேருங்க.

மாவு மூட்டைத் துணியில தைச்சதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். மாவு, சர்க்கரை, கோழித் தீவனம் எல்லாம் காட்டன் மூட்டையில வந்த காலம். முதல்ல அது வெறும் காடா துணி, மேல கம்பெனி பேர் அச்சடிச்சிருக்கும், கிராமத்துப் பெண்கள் அதை ஊறவச்சு மையைப் போக்கிட்டு உள்ளாடை, கைத்துண்டு, ஏப்ரன்னு தைச்சுக்கிட்டாங்க. இதைக் கவனிச்ச கம்பெனிக்காரங்க 1920களின் நடுவுல இருந்து மூட்டையையே நல்ல டிசைன் துணியில போட ஆரம்பிச்சாங்க, செயின்ட் லூயிஸ்ல இருந்த ஜார்ஜ் பி. பிளான்ட் மில்லிங் கம்பெனி கட்டம் போட்ட துணியில 'ஜிங்ஹாம் கேர்ள்' மாவை வித்தது இதுல ரொம்பத் தெரிஞ்ச உதாரணம். அப்புறம் பூ, காய், கவ்பாய், பறவைன்னு ஆயிரக்கணக்குல டிசைன் வந்துடுச்சு, பேர் போட்ட லேபிளும் தண்ணியில ஊறினா கழண்டுடுற மாதிரி காகிதத்துல ஒட்டினாங்க.

100 பவுண்டு தீவன மூட்டையோட தையலைப் பிரிச்சு விரிச்சா ஒரு கஜத்தை விடக் கொஞ்சம் கூடத் துணி கிடைக்கும். ஒரு கவுன் தைக்க ஒரே டிசைன்ல மூணு நாலு மூட்டை வேணும், அதனால கடைக்குப் போற வீட்டுக்காரர்கிட்ட டிசைன் சொல்லி அனுப்புவாங்க, ஆனா ஹாஃப் ஏப்ரனுக்கு ஒரு மூட்டையே போதும். இந்தப் பழக்கம் ரொம்ப காலம் நீடிச்சுது. வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாறு மியூசியத்துல கேன்சஸ் மாநிலம் கால்ட்வெல் ஊர்ப் பெண்மணி ஒருத்தர் மூட்டைத் துணியில தைச்ச கவுன் ஒண்ணு இருக்கு, அது 1959ல தைச்சது. பேப்பர் மூட்டையும் பிளாஸ்டிக்கும் பரவினதுல கொஞ்சம் கொஞ்சமா காட்டன் மூட்டை போயிடுச்சு.

மூட்டைத் துணின்னு எப்படி கண்டுபிடிக்கிறது? எல்லா விக்கிறவங்களும் அப்படித்தான் சொல்றாங்க.

மூட்டையை சங்கிலித் தையல்ல தடிமனான நூல் போட்டு மூடியிருப்பாங்க, ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா சரசரன்னு பிரிஞ்சு வந்துடும். பிரிச்ச பிறகு அந்த ஊசி ஓட்டைங்க ஒரே வரிசையா, பெரிசா, இடைவெளி மாறாம விளிம்பு ஓரமா நிக்கும். ஏப்ரனை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க, கீழ் மடிப்புக்குள்ளயோ பட்டிக்குள்ளயோ அந்த ஓட்டை வரிசை தெரிஞ்சா நம்பலாம். துணி கொஞ்சம் முரடா இருக்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அந்தக் காலத்துல கஜக்கணக்குல வித்த விலை குறைஞ்ச காட்டனும் அப்படித்தான் இருக்கும், மூட்டையில வந்த டிசைன்களே கடையில பீஸாவும் வித்தாங்க. ஓட்டை இல்லன்னா மூட்டைத் துணிக்கான விலை கொடுக்காதீங்க.

எந்த வருஷம் தைச்சதுன்னு எப்படித் தெரியும்?

வீட்டுல தைச்சதுல லேபிள் இருக்காது, அதனால துணியும் நூலும் தையலும்தான் சாட்சி. சரியான வருஷம் சொல்ல முடியாது, பத்து வருஷ அளவுக்கு நெருங்கலாம். உள்பக்க விளிம்பைப் பாருங்க. ரெண்டு தடவை மடிச்சு நேர்த்தையல் போட்டிருந்தாலோ கையால எம்மிங் பண்ணியிருந்தாலோ பழசா இருக்க வாய்ப்பு அதிகம். ஜிக்ஜாக் தையல் இருந்தா பெரும்பாலும் 1950களுக்குப் பிறகு, ஏன்னா அப்பதான் வீட்டு மெஷின்கள்ல அது பரவலா வந்துச்சு. ஓவர்லாக் போட்டிருந்தா அது இன்னும் பிந்தினது, 1960களின் கடைசி வரைக்கும் வீடுகள்ல ஓவர்லாக் மெஷின் கிட்டத்தட்ட கிடையாது. தையல் நூல்ல ஒரு சின்னத் துணுக்கு எடுத்து இடுக்கியில பிடிச்சு நெருப்புல காட்டுங்க. காட்டன்னா பேப்பர் எரியிற வாசனை வரும், சாம்பல் மெத்துன்னு உதிரும், பாலியஸ்டர்னா உருகி சின்ன உருண்டையா நிக்கும்.

கடையில ரெடிமேடா வாங்கினதுன்னா இன்னும் சுலபம். துணி என்ன, எத்தனை சதவீதம்னு லேபிள்ல இருந்தா அது பெரும்பாலும் 1960க்குப் பிறகு, அந்த வருஷம்தான் அதுக்கான அமெரிக்கச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. எப்படித் துவைக்கணும்னு தைச்சு வச்ச லேபிள் இருந்தா 1972க்குப் பிறகு வந்ததா இருக்கணும். ரெண்டு லேபிளையும் வச்சுக்கிட்டு '1940கள்'னு எழுதி வித்தா விட்டுட்டு வந்துடுங்க.

கட்டம் போட்ட ஏப்ரன்ல லேஸ் மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கே, அது என்ன?

அதுதான் சிக்கன் ஸ்கிராட்ச், 1930கள்ல இருந்த பொருளாதார மந்தத்தை (டிப்ரஷன்) வச்சு டிப்ரஷன் லேஸ்னும் சொல்லுவாங்க. தூரத்துல இருந்து பார்த்தா லேஸ் வாங்கி வச்சுத் தைச்ச மாதிரியே இருக்கும், கிட்டப் போனா வெறும் எம்பிராய்டரி நூல். லேஸ் வாங்கக் காசில்லாதவங்களும் அந்த அழகைத் தன் கையாலயே வர வச்சிருக்காங்க, எனக்கு இந்த வகைதான் எல்லாத்தையும் விட உசத்தி.

ஜிங்ஹாம்ங்கிற அந்தக் கட்டம் போட்ட துணியை உத்துப் பாருங்க, அதுல மூணு விதக் கட்டம் இருக்கும், முழு வெள்ளை, முழுக் கலர், ரெண்டும் கலந்த நடுக் கலர். முதல்ல முழுக் கலர் கட்டத்துல வெள்ளை நூலால எட்டு முனை நட்சத்திரம் மாதிரி, அதாவது பெருக்கல் குறி மேல கூட்டல் குறி போட்ட மாதிரி ஒரு தையல். அப்ப அந்தக் கட்டம் வெளுத்துத் தெரியும். வெள்ளைக் கட்டத்துல அதே தையலை துணியோட கலர் நூல்ல போட்டா அது இருண்டு தெரியும். ஆக துணியோட வெளிச்சத்தையும் நிழலையும் நூலே இடம் மாத்திடுது. அடுத்து நடுக் கலர் கட்டங்கள்ல ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு நேர்த்தையல். கடைசியா ஒரு கட்டத்தைச் சுத்தி நாலு பக்கமும் இருக்கிற அந்த நேர்த்தையலுக்கு அடியில ஊசியை நுழைச்சு, துணியைக் குத்தாம, ரெண்டு சுத்து சுத்தி எடுக்கணும். அந்த வளையம்தான் லேஸ் மாதிரி எழும்பி நிக்குது. ரொம்ப இறுக்கி இழுத்தா நேர்த்தையல் வளைஞ்சு வட்டம் சதுரமாயிடும், தளர்வா விட்டா துவைக்கிறப்ப எங்கயாவது மாட்டும், ரெண்டு மூணு வளையம் போட்டதும் கைக்கே அளவு பிடிபட்டுடும்.

அரைக்கால் இஞ்சு கட்டம், அதாவது ஒரு இஞ்சுல எட்டு கட்டம் வர்ற துணிதான் இதுக்கு எடுப்பா இருக்கும், கால் இஞ்சு கட்டத்துல ஆரம்பிச்சுப் பழகுங்க. ஆறு இழை எம்பிராய்டரி நூல்ல ரெண்டு இல்ல மூணு இழை பிரிச்சு எடுத்தா போதும். பழைய ஏப்ரன் கையில கிடைச்சா அதோட கீழ் மடிப்பைப் பாருங்க, வேலைப்பாட்டோட பின்பக்க முடிச்செல்லாம் மடிப்புக்குள்ள மறைஞ்சிருந்தா அவங்க முதல்ல பூ வேலை முடிச்சுட்டு அப்புறம்தான் மடிச்சுத் தைச்சிருக்காங்கன்னு அர்த்தம். நாமளும் அப்படியே பண்றது நல்லது.

கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கே, அதைக் கட்டிக்கிட்டு என்ன வேலை செய்வாங்க?

ஆர்கண்டிங்கிற மெல்லிய, விறைப்பான காட்டன் துணியில தைச்ச ஏப்ரன். வேலை செய்யிறதுக்கு இல்ல, பரிமாறுறதுக்கு. 1950கள்ல இதை ஹோஸ்டஸ் ஏப்ரன்னே சொல்வாங்க, கவுனோட டிசைன் அடியில தெரியணும்னே மெல்லிசா தைச்சது. கல்யாணத்துக்குப் பரிசா கொடுத்து ஒரு தடவை கூடக் கட்டாம அப்படியே இருக்கிறதும் நிறைய கிடைக்குது. இதே மாதிரி பூப்போட்ட கைக்குட்டைகளைச் சேர்த்துத் தைச்ச ஏப்ரனும் உண்டு, கைக்குட்டை சேர்க்கிறவங்களும் அதுக்குப் போட்டி போடுறதால விலை கொஞ்சம் ஏறும்.

எங்க தேடுறது, வாங்குறப்ப என்ன பார்க்கணும்?

நான் இருக்கிற ஒஹையோ பக்கம் எஸ்டேட் சேல்தான் சிறந்த இடம், வீட்டுல வயசானவங்க போன பிறகு எல்லாப் பொருளையும் வீட்டுலயே வச்சு விப்பாங்க. எல்லாரும் பீங்கான், ஃபர்னிச்சர்னு ஓடுவாங்க, நீங்க நேரா சமையலறை இழுப்பறைக்கும் துணி அலமாரியோட கடைசித் தட்டுக்கும் போங்க. சர்ச் நடத்துற பழைய பொருள் விற்பனை, ஆன்டீக் மால், ஈபே, எட்ஸி எல்லாத்துலயும் கிடைக்கும். ஆன்லைன்ல வாங்கினா பின்பக்க போட்டோவும் பட்டிக்குக் கிட்டத்துல எடுத்த போட்டோவும் கேட்டு வாங்காம பணம் கட்டாதீங்க.

கையில எடுத்ததும் முதல்ல பட்டியும் நாடாவும் சேர்ற இடத்தைப் பாருங்க, எல்லா இழுவையும் அங்கதான் விழும், கிழியிறதும் அங்கதான். அப்புறம் மடிச்சு வச்ச கோடுகள், அங்க இழை அறுந்திருக்கும். பின் குத்தி வச்சு மறந்த இடத்துல துருப்பிடிச்ச புள்ளி இருக்கும். சின்ன ஒட்டுத் துணி வச்சுத் தைச்சிருந்தா அதுக்காக வேணாம்னு சொல்லாதீங்க, நல்ல ஒட்டு ஒரு ஏப்ரனோட மதிப்பைக் கூட்டும்னுதான் நான் நினைக்கிறேன்.

மஞ்சளாயிடுச்சு, கறை இருக்கு. எப்படித் துவைக்கிறது?

சிவப்பு, கருநீலம், கறுப்பு இருந்தா முதல்ல சாயம் போகுதான்னு பார்க்கணும். வெள்ளைத் துணியை நனைச்சு உள்பக்கம் ஒரு ஓரத்துல அழுத்தி எடுங்க, கலர் ஒட்டினா தண்ணியில ஊறவைக்கவே கூடாது. ஒட்டலன்னா வெதுவெதுப்பான தண்ணியில ஆக்சிஜன் ப்ளீச் பவுடர் கரைச்சு ராத்திரி முழுக்க ஊற விடுங்க, தண்ணி டீ டிகாக்ஷன் மாதிரி ஆகும், பயப்படாம அதைக் கொட்டிட்டுத் திரும்ப ஊறவைங்க. காட்டன், ஆர்கண்டிக்கு இது சரி, பட்டுக்கும் உல்லனுக்கும் ஆகாது. குளோரின் ப்ளீச் பக்கமே போகாதீங்க, அது பழைய காட்டன் இழையை அரிச்சுடும், துருக் கறை மேல பட்டா அது நிரந்தரமா நின்னுடும். வெள்ளைத் துணியில இருக்கிற துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் வச்சு, கொஞ்ச நேரத்துல நல்லா அலசிடணும். முறுக்கிப் பிழியாதீங்க, துண்டுல உருட்டி ஈரத்தை எடுத்துட்டு நிழல்ல தட்டையா விரிச்சுக் காயப் போடுங்க.

கஞ்சி போடலாமா? எப்படி வைக்கிறது?

கட்டிக்கப் போறீங்கன்னா தாராளமா போடலாம், போடணும், ஆர்கண்டியும் ஜிங்ஹாமும் கஞ்சி இல்லாம தொங்கிப் போகும். நம்ம வீட்டுல காட்டன் புடவைக்குப் போடுற அதே கஞ்சி போதும். ஆனா மாசக்கணக்குல எடுத்து வைக்கப் போறதுன்னா கஞ்சியை முழுசா அலசிட்டுத்தான் வைக்கணும், வெள்ளிமீன் பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு. பிளாஸ்டிக் கவர்ல போட்டா ஈரம் தங்கும், மரப்பெட்டியில நேரா வச்சா மரத்தோட அமிலம் பட்டு பழுப்புக் கோடு விழும். துவைச்ச பழைய காட்டன் தலையணை உறையில சுத்தி வைங்க, இல்லன்னா அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர். எடுக்கிறப்பெல்லாம் மடிப்பை வேற இடத்துல மாத்தி மடிங்க.

நானே தைக்கிறேன், என்ன துணி வாங்குறது?

முதல் ஏப்ரனுக்கு ஜிங்ஹாம்தான். கட்டமே கோடு போட்டுக் கொடுத்துடும், சாக்பீஸ் வேணாம், ஸ்கேல் வேணாம், எண்ணி வெட்டலாம். ஆனா நெய்த கட்டமா, அச்சடிச்ச கட்டமான்னு பார்த்து வாங்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா நெய்தது. அச்சடிச்சதுல கட்டம் இழைக்குக் கோணலா ஓடலாம், நீங்க கட்டத்தைப் பார்த்து வெட்டினா பாவாடை ஒரு பக்கம் இழுத்துக்கும். தமிழ்நாட்டுல இருக்கிறவங்க சட்டைத் துணி விக்கிற கடையில சின்னக் கட்டம் போட்ட காட்டன் கேளுங்க, அதுவே போதும். பாலியஸ்டர் கலந்ததுல சுருக்கு சரியா உக்காராது. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை துவைச்சு இஸ்திரி போட்டுடுங்க, காட்டன் சுருங்கும்.

அளவு சொல்லுங்க.

44 இஞ்சு அகலத் துணியில ஒரு கஜம், அதாவது 36 இஞ்சு நீளம். பாவாடைத் துண்டு 36 இஞ்சு அகலம், 22 இஞ்சு உயரம். அதை வெட்டினதும் பக்கத்துல 8 இஞ்சு அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும், அதை நீளவாக்குல ரெண்டாக்கினா 4 இஞ்சு அகலத்துல ரெண்டு நாடா, 34 இஞ்சு நீளம் வெட்டிக்கோங்க. கீழ மிஞ்சின துண்டுல இடுப்புப் பட்டி 18க்கு 4½, பாக்கெட் 6½க்கு 7½. எல்லாத்துக்கும் அரை இஞ்சு தையல் விடுங்க. அந்தக் காலத்துல நிறைய காட்டன் 36 இஞ்சு அகலத்துலதான் வந்துச்சு, அதுலயும் இது அடங்கும், பாக்கெட் மட்டும் கொஞ்சம் குட்டியாகும்.

கீழ் மடிப்பு 3 இஞ்சு வைங்க, கஞ்சத்தனம் வேணாம். இப்பத்து ஆட்கள் அரை இஞ்சு மடிச்சு விட்டுடுறாங்க, அதனாலதான் புது ஏப்ரன் பறக்குது, பழசு கனமா விழுது. தைச்சு முடிச்சா பட்டியோட சேர்த்து நீளம் கிட்டத்தட்ட 20 இஞ்சு வரும், உயரமானவங்க 2 இஞ்சு கூட்டிக்கலாம், துணியும் அதுக்கேத்த மாதிரி கூட வாங்கிக்கோங்க.

சுருக்கு எனக்கு ஒரு பக்கம் குவிஞ்சு போகுது.

மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, தையல் நீளத்தை 4ல வச்சு ரெண்டு வரிசை ஓட்டுங்க, ஒண்ணு தையல் கோட்டுக்கு மேல, ஒண்ணு கீழ. ஒரு வரிசை போட்டா சுருக்கு உருண்டு புரளும், ரெண்டு போட்டா நிமிர்ந்து நிக்கும். பாவாடையையும் பட்டியையும் தனித்தனியா நாலா மடிச்சுக் குறி வைங்க, குறிக்குக் குறி பின் குத்துங்க, அப்புறம் ரெண்டு ஓரத்துல இருந்தும் பாபின் நூலை மட்டும் பிடிச்சு மெதுவா இழுங்க. ஒவ்வொரு கால் பகுதியும் அதோட பங்கைத் தாண்டாது, குவிய வழியே இல்ல. விரல் நகத்தால சுருக்கை ஒவ்வொண்ணா நீவி விட்டுட்டு, சுருக்குப் பக்கம் மேல தெரியிற மாதிரி வச்சு நடுவுல தைங்க. பட்டியைத் திருப்பி உள்பக்கம் மடிக்கிறதைக் கையால எம்மிங் பண்ணுங்க, நாடாவோட அகலத்தை ரெண்டு கொசுவமா மடிச்சு பட்டி ஓரத்துக்குள்ள சொருகி ரெண்டு தடவை தைங்க. கீழ இருந்த தையல் வரிசை வெளிய தெரியும், கடைசியா அதைப் பிரிச்சுடுங்க.

ஆர்கண்டியில தைக்கிறப்ப 9ம் நம்பர் ஊசி போடுங்க. உள்ள மடிச்ச ஒவ்வொரு நூலும் வெளிய தெரியிற துணி, அதனால பிசிறு ஒண்ணு விடாம வெட்டிட்டு மடிங்க.

பழைய பேட்டர்ன் வாங்கலாமா?

வாங்கலாம், மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, பட்டரிக் கம்பெனிக்காரங்க எல்லாம் ஏப்ரனுக்குப் பேட்டர்ன் போட்டிருக்காங்க. ரொம்பப் பழசு பலதுல கோடு அச்சடிச்சிருக்காது, வெறும் டிஷ்யூல ஓட்டை போட்டு வச்சிருப்பாங்க, பெரிய ஓட்டைக்கு ஒரு அர்த்தம், சின்னதுக்கு ஒரு அர்த்தம், குறிப்புத் தாள் இல்லாம வாங்கினா திண்டாட்டம்தான். நியூஸ்பேப்பர் மூலமா தபால்ல வந்த பேட்டர்னுக்கு இன்னொரு வசதி இருக்கு, கவர் மேல இருக்கிற முகவரியே காலத்தைச் சொல்லும். ஊர் பேருக்குப் பின்னாடி ஒண்ணு ரெண்டு இலக்க எண் மட்டும் இருந்தா 1943க்கும் 1963க்கும் நடுவுல, அஞ்சு இலக்க ஜிப் கோடு இருந்தா அதுக்குப் பிறகு. கேன்சஸ் சிட்டியில இருந்து 1935 முதல் வந்த வொர்க்பாஸ்கெட் பத்திரிகையோட பழைய இதழ்களையும் விடாதீங்க, ஏப்ரன் ஐடியா அதுல கொட்டிக் கிடக்கு. பேட்டர்னை நேரா வெட்டாதீங்க, வேற பேப்பர்ல எடுத்துக்கிட்டு வெட்டுங்க.

கிழிஞ்ச பழைய ஏப்ரனை வெட்டி பை, தலையணை உறை தைக்கலாமா?

என்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். பாதி கிழிஞ்சதுல கூட மீதி பாதியில தையல் முறை அப்படியே இருக்கும், அதைப் பார்த்துக் கத்துக்க வேற புத்தகம் கிடையாது. நாடா போயிட்டா புது நாடா வைங்க, பட்டி போயிட்டா உள்ள மெல்லிசா ஒரு துணி கொடுத்துத் தாங்க விடுங்க. பாவாடையே நைஞ்சு போச்சுன்னா அளவெல்லாம் ஒரு பேப்பர்ல வரைஞ்சு வச்சுட்டு, அந்த பாக்கெட்டையோ எம்பிராய்டரி பகுதியையோ மட்டும் எடுங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல.

நான் தைச்சதை 'வின்டேஜ்'னு போட்டு விக்கலாமா?

'வின்டேஜ் ஸ்டைல்'னு போடுங்க, வெறும் 'வின்டேஜ்'னு போடாதீங்க, பழைய துணியில புதுசா தைச்சிருந்தா அதையும் எழுதிடுங்க. பட்டியோட உள்பக்கம் உங்க பேரும் வருஷமும் பேக் ஸ்டிச்ல (பின்தையல்) போட்டுடுங்க. பழசுல எதுலயும் பேர் இல்லாம நான் தடவித் தடவிப் பார்க்கிற மாதிரி உங்களோடதை வாங்குறவங்க பார்க்க வேண்டியதில்ல. ரெண்டு இழை நூல், கால் இஞ்சு எழுத்து, அதுக்கு மேல பெரிசா போட்டா வெளிப்பக்கம் தெரியும்.